எழுத்து வெட்டும் மெஷினும் பெக்டரி அப்பாவும்



எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் செய்த எழுத்து வெட்டும் மெஷினின் படத்தைப் போன வாரம் போட்டிருந்தேன். பாராட்டிய எல்லோருக்கும் நன்றி. அதில் ஒருவர் கேட்டிருந்தார்: "சேர், இதெல்லாம் சீனாவிலிருந்து ரெடிமேடாக வருதே. பரீட்சை நேரத்தில் பிள்ளைகளை வைத்து ஏன் இந்த வேலை?"

நியாயமான கேள்விதான். இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் அந்த மெஷினில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். மேசை லாச்சிக்குப் போடும் டிரோவர் சேனல், 8 மில்லிமீட்டர் திரெட் பார், நட், வொஷர், எம்.டி.எஃப் பலகைத் துண்டுகள். இவ்வளவும் ஹட்டனில் ஹார்டுவெயார் கடையில் வாங்கியவை. மோட்டரையும் திரெட் பாரையும் இணைப்பதற்கு ஒரு துண்டு பெட்ரோல் டியூப். மோட்டர்கள் பழுதாகிக் கிடந்த போட்டோகொப்பி மெஷினில் கழற்றியவை. ஹார்டுவெயார் கடையில் கிடைக்காதவை ஆர்டுயினோ போர்டும் மோட்டர் டிரைவர்களும் மட்டுமே. அவற்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தோம். அதற்குள் போடும் மென்பொருளின் பெயர் ஜி.ஆர்.பி.எல். 2009இல் நோர்வேயைச் சேர்ந்த ஒருவர் எழுதி உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தது. நுவரெலியாவில் இருக்கும் பிள்ளையும் அதை ஒரு சதம் கொடுக்காமல் எடுக்கலாம்.

இனி கணக்கு. மோட்டர் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற 200 அடி எடுத்து வைக்கும். 8 மில்லிமீட்டர் திரெட் பார் ஒரு சுற்றுக்கு 1.25 மில்லிமீட்டர் நகர்த்தும். அப்படியானால் 1 மில்லிமீட்டர் நகர எத்தனை அடி? 200ஐ 1.25ஆல் வகுத்தால் 160. தசமத்தில் வகுத்தல் என்றாலே ஜன்னலைப் பார்க்கும் பிள்ளை, இந்த விடையைக் கரும்பலகைக்கு வந்து தானே எழுதினான். எழுதியது சரியா என்று என்னிடம் கேட்கவில்லை. 100 மில்லிமீட்டர் கோடு கீறவிட்டு அடிமட்டத்தை வைத்துப் பார்த்தான்.

ஆனால் மெஷின் முதலில் ஓடியபோது எங்களுக்குத் தலைகுனிவுதான். ஆங்கிலத்தில் எல், எச் என்று வெட்டினோம், அழகாக வந்தது. தமிழில் பாடசாலையின் பெயரை வெட்டினோம். ஒரு எழுத்தும் உருப்படியாக வரவில்லை. 'ண'வின் சுழி சப்பையாகிவிட்டது. 'இ' வேறெதையோ போல இருந்தது. நேர்கோட்டு எழுத்தில் தெரியாத குற்றம் நம்முடைய வளைந்த எழுத்தில் அப்படியே தெரிந்தது. வளைவில் மோட்டர் திசை மாறும் ஒவ்வொரு தடவையும், நட்டுக்கும் திரெட்டுக்கும் நடுவில் உள்ள சின்ன இடைவெளியில் அது சும்மா சுற்றுகிறது, பலகை நகர்வதில்லை. காரணம் எனக்குத் தெரிந்தது. அதைத் திருத்தும் வழி தெரியவில்லை. இரண்டு வாரம் அப்படியே கிடந்தது.

அந்தப் பிள்ளைகளில் ஒருவனின் அப்பா தோட்டத்து பெக்டரியில் பிட்டர். மகன் சொல்லி ஒரு நாள் பின்னேரம் வந்தார். பெற்றோர் கூட்டத்துக்கு வந்தால்கூட வாசலோடு நிற்கிறவர். மெஷினைக் கையால் முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு நட்டு போட்டா ஆடத்தான் செய்யும் சேர். இன்னொரு நட்டைப் போட்டு ரெண்டுக்கும் நடுவுல ஸ்பிரிங் வைங்க. அது ரெண்டு பக்கமும் தள்ளிப் புடிச்சுக்கிடும்."

அடுத்த நாள் ஸ்பிரிங்கையும் அவரே கொண்டுவந்தார். அன்றைக்கே 'ண' 'ண'வாக வந்தது.

பிள்ளைகள் கைதட்டினார்கள். அவருடைய மகன் மட்டும் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னான்: "அப்பாவுக்கு இதெல்லாம் தெரியும்னு எனக்குத் தெரியாது சேர்." சாதாரண தரம் எழுதிவிட்டுக் கொழும்பில் கடைக்குப் போகப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை அவன். அந்த எண்ணத்தை விட்டுவிட்டானா என்று நான் இன்னும் கேட்கவில்லை.

ரெடிமேட் மெஷின் வாங்கியிருந்தால் பெயர்ப்பலகை அன்றைக்கே கிடைத்திருக்கும். அந்த அப்பா பாடசாலைக்குள் வந்திருக்க மாட்டார்.

நம்முடைய மலைநாட்டுக் கதையையே யோசித்துப் பாருங்கள். 1867இல் கண்டி மாவட்டத்து லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். ஆரம்பத்தில் கொழுந்தை பங்களா வராந்தாவில் மேசை மேல் கையால் உருட்டி, கரி அடுப்பில் காய வைத்தார்கள். 1872இல் கொழுந்து உருட்ட டெய்லர் தானே ஒரு மெஷின் செய்தார். இன்று நாம் பார்க்கும் ரோலர் வரிசைக்கு இந்த மலையில் தொடக்கம், ஒரு தோட்டத்தில் கட்டிய அந்த மெஷின்தான். டெய்லரின் பெயர் நமக்குத் தெரியும். அந்த மேசையைச் சுற்றி நின்று கொழுந்து உருட்டிய கைகள் யாருடையவை என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. அதே மாதிரி, இன்று பெக்டரியில் ரோலரையும் டிரையரையும் ஓட வைத்துக்கொண்டிருக்கிறவர்களையும் நாம் வெறும் 'தோட்டத்து ஆட்கள்' என்று சொல்லிவிட்டுப் போகிறோம்.

பரீட்சை முக்கியம்தான். அதை நானே மறுக்க மாட்டேன். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் வந்தது. அது எல்லாத் தோட்டத்துப் பிள்ளைக்கும் எட்டும் தூரத்தில் இல்லை. அப்படி ஒரு பாதை இருக்கிறது என்பதையே பத்தாம் வகுப்பில் தெரிந்துகொள்ளாத பிள்ளை அதைத் தேடிப் போகாது. வாரத்தில் ஒரு பின்னேரம் இதற்காகக் கொடுப்பது நட்டமில்லை.

ஒரு எச்சரிக்கை. படத்தைப் பார்த்துவிட்டுச் சிலர் லேசர் வைத்துச் செய்யலாமா என்று கேட்டார்கள். நாங்கள் வைத்தது சின்ன வெட்டும் பிட் மட்டும். அதற்கும் கண்ணாடி போடாமல் யாரையும் பக்கத்தில் விடுவதில்லை. லேசர் ஒரு நொடியில் கண்ணைக் கெடுத்துவிடும், திரும்பப் பார்வை வராது. பீ.வி.சி.யை லேசரில் சுட்டால் வரும் புகை நஞ்சு. பிள்ளைகள் தனியாக வீட்டில் அதைத் தொட வேண்டாம்.

கடைசியாக உங்களிடம் மூன்று வேண்டுகோள்.

பழுதான பிரிண்டர், போட்டோகொப்பி மெஷின் இருந்தால் இரும்புக் கடைக்கு நிறுத்துப் போடுவதற்கு முன் பக்கத்திலுள்ள பாடசாலையில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பெக்டரியிலும் கராஜிலும் தச்சுப் பட்டறையிலும் வேலை செய்யும் அப்பாமார், அண்ணன்மார் மாதத்தில் ஒரு தடவை பாடசாலைக்கு வாருங்கள். வாசலில் நிற்க வேண்டாம், உள்ளே வாருங்கள்.

ஆசிரிய நண்பர்களே, உங்களுக்குத் தெரியாததைப் பிள்ளைகளுக்கு முன்னால் ஒருவரிடம் கேட்க வெட்கப்படாதீர்கள். நான் கேட்டேன். மரியாதை குறையவில்லை.

அடுத்த தவணையில், இன்ஷா அல்லாஹ், எல்லா வகுப்பறைக்கும் பெயர்ப்பலகை வெட்டப்போகிறோம். தமிழில்தான்.