கடல் மேல பழி போடாதீங்க சாமிகளா!

கொஞ்ச நாளா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இந்தப் பக்கம் எட்டிப் பாக்கவே முடியல. இப்ப வந்திருக்கறதுக்குக் காரணம் கோபம். கார் பெயிண்ட் மங்கிப் போனதுக்கெல்லாமா ஒரு பதிவுன்னு சிலபேர் கேப்பீங்க. ஆமாங்க, இதுக்குத்தான். கடைசி வரைக்கும் படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

நமக்குச் சொந்த ஊரு உவரி. திருநெல்வேலி மாவட்டத்துல கடல ஒட்டிக் கடைசியில இருக்குற ஊரு. அந்தோணியார் கோயிலுக்கோ, சுயம்புலிங்க சாமி கோயிலுக்கோ வந்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நான் பொழைக்கிறது சென்னையில. அப்பாவும் அம்மாவும் ஊர்ல. அவங்ககிட்ட ஒரு 2018 மாடல் கார், நீலக் கலர் மெட்டாலிக். அப்பா அதைப் புள்ள மாதிரி வச்சிருப்பார். தினமும் காலைல நல்ல தண்ணி ஊத்திக் கழுவி, பழைய வேட்டித் துணியால தொடைக்காம வண்டிய எடுக்க மாட்டார்.

போன அக்டோபர் கடைசியில ஒரு செவ்வாய்க்கிழமை. அந்தோணியார் கோயிலுக்கு வெளியூர்க் கூட்டம் வர்ற நாள். ரிவர்ஸ் எடுத்த வேன் ஒண்ணு இடது பக்கப் பின்கதவையும், அதை ஒட்டின பின்பக்கத் தகட்டையும் உரசிட்டுப் போயிருச்சு. பக்கத்து டவுன்ல ஒரு டிங்கரிங் பட்டறை. தட்டி எடுத்து, பட்டி வச்சு, பெயிண்ட் அடிச்சுக் கொடுத்தாங்க. டெலிவரி எடுத்த அன்னைக்கு பளபளன்னு முகம் பாக்கலாம் போல இருந்துச்சாம். நாலு தடவை கழுவினதும் பளபளப்பு போயிருச்சு. கண்ணாடியில மூச்சு விட்டா ஒரு புகை படியுமே, அது மாதிரி ஆகிப் போச்சு.

அப்பா திரும்பப் போயிக் கேட்டிருக்கார். பட்டறைக்காரர் சொன்ன பதில்தான் இந்தப் பதிவுக்கே காரணம்.

"அண்ணாச்சி, நீங்க கடற்கரையில இருக்கீங்க. உப்புக்காத்து. அப்படித்தான் இருக்கும். 3,500 ரூவா ஆவும், டெஃப்லான் கோட்டிங் போட்டுருவோம், சரியாயிரும்."

அறுபது வருஷத்துக்கு மேல அந்தக் கடல் ஓரத்துலயே வாழ்ந்த மனுஷனுக்குக் கடலைப் பத்திப் பாடம்! அப்பாவும் தலைய ஆட்டிட்டு வந்துட்டார். போன்ல என்கிட்டயும் "உப்புக்காத்துதாம்ல மக்கா, என்ன செய்ய" அப்படின்னார். எனக்கு எரிச்சல் வந்ததே இங்கதான். பட்டறைக்காரர் தப்பா அடிச்சதுல கூட இல்ல. தப்பைத் தூக்கிக் கடல் தலையில வச்சாரு பாருங்க, அதை எங்க அப்பாவே நம்பினாரு பாருங்க, அதுலதான்.

சாப்ட்வேர்ல இருக்குற மக்களுக்கு இந்த டயலாக் புதுசில்ல. "என் மிஷின்ல ஓடுதே, உங்க என்விரான்மெண்ட் பிரச்சினை" அப்படின்னு கிளையண்ட்டுக்கு எத்தனை மெயில் அனுப்பியிருப்போம்! நம்ம என்விரான்மெண்ட் இஷ்யூ, அவங்க உப்புக்காத்து. ரெண்டும் ஒரே ஜாதிப் பொய்.

நியாயமா பேசுவோம். கடல் ஒண்ணும் அப்பாவி இல்ல. எங்க வீட்டு ஜன்னல் கம்பியைக் கேட்டா கதை கதையா சொல்லும். உப்பு ஈரத்தை இழுத்து வச்சுக்கும், இரும்பு வெளிய தெரியுற இடத்துல துரு சீக்கிரம் புடிக்கும். பெயிண்ட் பேந்த இடம், கதவோட அடி ஓரம், பைக் சைலன்சர் எல்லாம் போகும். வெயிலும் பெயிண்டை வெளுக்க வைக்கும், ஆனா அதுக்கு வருஷங்கள் ஆகும். என் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். அதே கார், அதே கடல், அதே காத்து. ஏழு வருஷமா மத்த மூணு கதவும் இன்னும் மின்னுது. இவங்க அடிச்ச கதவு மட்டும் ஒரே மாசத்துல மங்குதே, எப்படி? உப்புக்காத்து என்ன பில்லைப் பாத்துட்டா வீசுது?

கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்குப் போனேன். சித்தப்பா வள்ளம் வச்சிருக்கார். வருஷா வருஷம் ஃபைபர் வள்ளத்துக்கு அவரே பெயிண்ட் அடிப்பார். கதவைக் காட்டினேன். கைய வச்சுத் தடவிப் பாத்தார். "ஏல, இது ஈரத்துல அடிச்சது. வள்ளத்துக்கே நல்ல தண்ணியில உப்பைக் கழுவி, வெயில்ல காயப் போட்டுத்தான் அடிப்போம். எஞ்சினியருக்குப் படிச்சிருக்க, இது தெரியாதா?"

தெரியல. பி.இ. நாலு வருஷத்துல இதைச் சொல்லித் தரல. அப்புறம் உக்காந்து படிச்சேன். புரிஞ்சது இதுதான்.

கம்பெனியில காருக்குப் பெயிண்ட் நாலு அடுக்கு. தகட்டுல மின்சாரம் வச்சு ஏத்துற பிரைமர், அதுக்கு மேல சர்ஃபேசர், அதுக்கு மேல கலர், எல்லாத்துக்கும் மேல கண்ணாடி மாதிரி கிளியர். எல்லாம் சேர்ந்தே சுமார் 100-லேர்ந்து 150 மைக்ரான். கிளியர் மட்டும் சுமார் 40, 50. நம்ம தலைமுடி ஒண்ணே சுமார் 70 மைக்ரான் தடிமன் இருக்கும்னா பாத்துக்கோங்க. பளபளப்பு மொத்தமும் இருக்குறது அந்த முடியை விட மெல்லிசான கிளியர்லதான்.

கம்பெனியில இதைச் சுமார் 140 டிகிரி சூட்டுல வேக வைப்பாங்க. பட்டறையில முடியாது, பிளாஸ்டிக்கும் வயரும் உருகிரும். அதனால ஹார்ட்னர் கலந்து, வேதிவினையால இறுகுற பெயிண்ட் அடிப்பாங்க. நல்ல பட்டறைன்னா மூடின பூத், 60 டிகிரி சூடு, அரை மணி நேரம். நம்ம கேஸ்ல தகர ஷெட்டு. நவம்பர் மாசம், அடைமழை. ஹார்ட்னருக்கு ஈரம் ஆகாது. பெயிண்டோட சேர வேண்டியது தண்ணியோட சேந்து கெட்டுப் போகும். கம்ப்ரசர் டாங்க்ல தேங்குற தண்ணியை வடிக்கலேன்னா காத்தோட சேந்து அதுவும் வரும். போதாக்குறைக்கு, கீழ் அடுக்குல தின்னர் காயுறதுக்குள்ள மேல் அடுக்கை அடிச்சா, உள்ள மாட்டுன தின்னர் மெதுமெதுவா வெளிய வரும். பெயிண்ட் சுருங்கும், அடியில தேய்ச்ச வாட்டர் பேப்பர் கோடெல்லாம் மேல தெரியும். அன்னைக்கு மின்னுன கதவு ஒரு மாசத்துல மங்குற ரகசியம் இதுதான்.

அப்ப டெலிவரி அன்னைக்கு எப்படி பளபளன்னு இருந்துச்சு? எண்ணெயும் மெழுகும் கலந்த பாலிஷ். கீறலுக்குள்ள போய் நிரம்பி, கண்ணை ஏமாத்தும். நாலு தடவை ஷாம்பு போட்டா போயே போச்சு. நம்மூர்ல மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் தடவுறாங்களே, அதோட பெரியப்பா மகன்தான் இது.

இதுல டெஃப்லான் கோட்டிங் வேற! கோட்டிங் மங்கலைப் போக்காது, மங்கலுக்கு மேல ஒரு மூடி போடும், அவ்வளவுதான். புதுசா அடிச்ச பெயிண்டுக்கு மேல மெழுகோ கோட்டிங்கோ போட ஒரு மாசமாவது பொறுக்கணும், உள்ள இருக்குற தின்னர் வெளிய வரணும். தான் கெடுத்த கதவைத் தானே மூட 3,500 கேக்குறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்!

சரி, நீங்களும் இப்படி மாட்டியிருந்தா மூணு சோதனை பண்ணிப் பாருங்க.

1. அதே கார்ல அடிக்காத கதவோட ஒப்பிடுங்க. அது மின்னினா, கடல் நிரபராதி.

2. ராத்திரி மொபைல் லைட்டை அடிங்க. வட்ட வட்டமா கீறல் தெரிஞ்சா பாலிஷ் மிஷின் செஞ்ச வேலை. கீறலே இல்லாம புகை மாதிரி இருந்தா பெயிண்டுலயே கோளாறு.

3. வெள்ளைத் துணியில கொஞ்சம் காம்பவுண்ட் வச்சு மெதுவா தேயுங்க. மெட்டாலிக் கார்ல துணியில கலர் வந்தா கிளியர் அங்க காலி. அதுக்குப் பாலிஷ் வைத்தியமே கிடையாது, திரும்ப அடிக்கிறதுதான். (கிளியர் இல்லாத பழைய ஒத்தைக் கலர் பெயிண்டுக்கு இது பொருந்தாது, அதுல கலர் வரத்தான் செய்யும்.)

எங்க கதவுல கலர் வரல. நல்லாக் கழுவிக் காயவச்சு, ஓரத்தையும் மடிப்புக் கோட்டையும் டேப் ஒட்டி மறைச்சேன். அங்கதான் பெயிண்ட் ரொம்ப மெல்லிசு. சோப்புத் தண்ணியில 2000 நம்பர் வாட்டர் பேப்பர், அப்புறம் 3000. அதுக்கப்புறம் ஸ்பாஞ்சுல காம்பவுண்ட், கடைசியா ஃபைன் பாலிஷ். தகடு சூடாகாம, கொஞ்சம் கொஞ்சமா, ரெண்டு நாள். கை வலி உயிர் போச்சு. முழுசா இல்லேன்னாலும் முக்கால்வாசி வந்துருச்சு. ஒவ்வொரு தேய்ப்பும் அந்த 50 மைக்ரான்ல இருந்துதான் எடுக்குது. அதனால, மங்கும்போதெல்லாம் தேய்ச்சிக்கலாம்னு நினைக்காதீங்க.

பின்பக்கத் தகட்டுல தேய்ச்சப்ப துணி நீலமாச்சு. பட்டறையிலயே மிஷின் போட்டு கிளியரை எரிச்சிருக்காங்க. துணியோட, அப்பாவையும் கூட்டிட்டுப் பட்டறைக்குக் கிளம்பினேன். வழியெல்லாம் டயலாக் ரிகர்சல். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, சேவைக் குறைபாடு, 5 லட்சம் ரூபாய் வரைக்கும் மாவட்ட ஆணையத்துல கட்டணமே கிடையாது, எல்லாம் மனப்பாடம்.

அதுக்கு அவசியமே வரல. துணியைப் பாத்ததும் ஓனர், மெட்டீரியல் காசு மட்டும் கொடுங்க, திரும்ப அடிச்சுத் தர்றேன்னு இறங்கி வந்துட்டார். வெற்றின்னு நெனச்சு வெளிய வந்தா, பெயிண்டர் பீடி பத்த வச்சிட்டு நின்னார். நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். மெதுவா சொன்னார்.

"தம்பி, ஈரமா இருக்கு, ரெண்டு நாள் போட்டும்னு நான் அன்னைக்கே சொன்னேன். சென்னையில இருந்து மகன் போன் மேல போன் போடுதான், திங்கக்கிழமை வண்டி வேணுமாம்னு ஓனர் சத்தம் போட்டாரு. அது நீங்கதான?"

நான்தான். அம்மாவைச் செவ்வாய்க்கிழமை நாகர்கோவில்ல டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகணும். ஆட்டோவோ டாக்சியோ புடிச்சிருக்கலாம். ஆனா "என்ன சார், ஒரு கதவுக்கு ஒரு வாரமா?" அப்படின்னு நாலு தடவை போன்ல எகிறினது சாட்சாத் நானேதான். அவ்வ்வ்வ்.

அதுக்காகப் பட்டறையை மன்னிச்சு விடுங்கன்னு சொல்ல வரல. ஈரத்துல அடிக்க முடியாதுன்னு சொல்ல வேண்டியது அவங்க தொழில் தர்மம். சொல்லாம அடிச்சிட்டு, அப்புறம் கடலைக் கைகாட்டினது அயோக்கியத்தனம். ஆனா இந்த அவசரம் ரெண்டு பக்கமும் இருக்கு. 1923ல அமெரிக்காவுல டூபாண்ட் கம்பெனி டூக்கோன்னு சீக்கிரம் காயுற பெயிண்டைக் கொண்டு வந்துச்சு. அதுக்கு முந்தி ஒரு காருக்குப் பெயிண்ட் காய வாரக்கணக்குல ஆகும். நம்மூர்ப் பழைய பெயிண்டர்கள் இன்னைக்கும் டூக்கோ வேலைன்னுதான் சொல்லுவாங்க. நூறு வருஷமா இந்தத் தொழிலை ஓட்டுறதே அவசரம்தான்.

அந்த அவசரத்துக்கு உடம்பால விலை கொடுக்குறது யாருன்னும் பாத்தேன். ஹார்ட்னர்ல ஐசோசயனேட் இருக்கு. மூச்சுல போனா ஆஸ்துமா வர வைக்கும், உலகம் முழுக்கத் தெரிஞ்ச விஷயம். சுத்தமான காத்து குழாயில வர்ற முகமூடி போட்டு அடிக்க வேண்டிய வேலை. அந்த அண்ணன் மூஞ்சியில கட்டியிருந்தது ஒரு கைக்குட்டை. பூத்துக்கும் முகமூடிக்கும் செலவு பண்ணாத ஓனரு, கோட்டிங் மிஷின் மட்டும் புதுசா வாங்கி வச்சிருக்கார்.

ஆக மக்கா, அடுத்த தடவை பட்டறைக்குப் போனா போன்ல எகிறாதீங்க, கேள்வி கேளுங்க. பூத் இருக்கா? எத்தனை கோட் கிளியர்? மழை பெஞ்சா எத்தனை நாள் தள்ளிப் போடுவீங்க? பில்லுல என்னென்ன எழுதுவீங்க? டெலிவரி அன்னைக்குப் பாலிஷ் போடாமக் காட்டுவீங்களா? இன்சூரன்ஸ்ல பெயிண்டுக்குப் பாதி உங்க கைக்காசுன்னு சொன்னா நம்பாதீங்க. எங்க பாலிசித் தாள்ல இருக்கறபடி, 50 சதவீதக் கழிவு பெயிண்ட் மெட்டீரியலுக்கு மட்டும்தான். பில்லைப் பிரிக்காம மொத்தமா போட்டிருந்தா அதுல 25 சதவீதம்தான் மெட்டீரியல்னு கணக்கு. 8,000 ரூபாய் பெயிண்டிங் பில்லுக்குக் கழிவு 1,000, 4,000 இல்ல. உங்க தாளையும் ஒரு தடவை எடுத்துப் படிச்சிருங்க.

தகட்டைத் திரும்ப அடிக்க இந்தத் தடவை ஆறு நாள் ஆச்சு. நான் ஒரு போன் கூடப் போடல. அம்மாவை டாக்சியில அனுப்பினேன். போன ஞாயித்துக்கிழமை அப்பா போன்ல, "இப்ப நல்லாருக்குல, மொகம் தெரியுது" அப்படின்னார். கொஞ்சம் நிறுத்திட்டு, "அன்னைக்கு அவன் உப்புக்காத்துன்னு சொன்னப்ப, நான் ஏம்ல அந்த மூணு கதவைத் திரும்பிப் பாக்காமப் போனேன்?" அப்படின்னு கேட்டார்.

என்கிட்ட பதில் இல்ல.

டிஸ்கி: பட்டறை பேரைக் கேட்டுப் பின்னூட்டம் போடாதீங்க, சொல்ல மாட்டேன். பேரைச் சொன்னா அந்த ஒரு பட்டறைதான் மோசம்னு ஆயிரும் :-)