கதவும் கலங்கலும்

திருப்புட்குழியை அடுத்த சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையிற் பழைய அம்பாசிடர் வண்டியொன்று செல்லக் காணின் நம் உள்ளம் உவக்கின்றது. 2014ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி நின்றுவிட்டமையின், எஞ்சியவற்றைப் பேணுதல் உடையார் கடனாம். ஆயின், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வண்டியின் உட்டளம் நனைந்தவுடன், பலர் கதவின் விளிம்பெங்கும் பசை பூசி அடைத்துவிடுகின்றனர். அது தகாதென்பதே யாம் கொண்ட கருத்து.

என்னை? கண்ணாடி ஏறியிறங்கும் இடுக்கின் வழியே மழைநீர் கதவினுள் புகுதல் இயல்பே. புகுந்த நீர் வடியவே கதவின் அடியிற் சிறு துளைகள் அமைத்துளர். அவை புழுதியாலோ பசையாலோ அடைபடின், நீர் உள்ளே தேங்கி இரும்பைத் துருவாக்கி அரித்துவிடும். ஆதலின், முதற்கண் மெல்லிய குச்சிகொண்டு அத்துளைகளைத் தூர்வாருதல் வேண்டும். அடுத்து, உட்பலகைக்குப் பின்னுள்ள நீர்காப்புத் தாள் கிழிந்திருப்பின் புதியது ஒட்டி, அதன் கீழ்விளிம்பைக் கதவினுள்ளே செருகுக. ரப்பர் பட்டை விறைத்து வெடித்திருப்பின் அதனையும் மாற்றுக.

முதற் பராந்தக சோழன் காலத்திலேயே ஏரிவாரியம் கண்டது நம் உத்திரமேரூர். ஏரிக்குக் கலங்கல் இன்றியமையாததென்று அறிந்த நம்மவர், கதவிற்கும் அது வேண்டுமென உணர்வாராக!