அளக்கும் முன்னே கேளுங்க!



கணக்கில் புள்ளியியல் பாடம் படிக்கிறோம் இல்லையா? அதை வைத்து, நாம் உட்காரும் பெஞ்சு நம் உடம்புக்குப் பொருந்துகிறதா என்று ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை அளந்து பார்க்கப் போகிறோம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கால் தரையில் படாமல் தொங்குது. எங்க வகுப்புப் பசங்களுக்கு முட்டி இடிக்குது. அதனால் நல்ல ஆய்வுதான்.

ஆனால் என்னென்ன அளவு எடுக்கணும் என்ற பட்டியலைப் பார்த்ததும் எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு. உயரம், எடை, மார்பு, இடுப்பு என்று எல்லாம் இருந்தது. பெஞ்சுக்கும் எடைக்கும் என்னங்க சம்பந்தம்?

ஒருமுறை எடை பார்த்தபோது, எல்லோர் முன்னாலும் எண்ணைச் சத்தமாக வாசித்தார்கள். அன்றைக்கு என் தோழி ஒருத்திக்கு வந்த பட்டப்பெயர் வருஷம் முழுக்கப் போகவில்லை. அடுத்த தடவை எடை பார்க்கிற அன்று அவள் லீவு போட்டுவிட்டாள். அவளைப் போல நாலு பேர் வராமல் போனால் சராசரியே தப்பாகிவிடும். நம்ம சென்னிமலையில் தறி ஓட்டுற வீட்டுப் பிள்ளைகளுக்கு இது தெரியும். பாவில் ஒரு இழை அறுந்தாலும் பெட்ஷீட் நெடுகக் கோடு விழும்.

பெரிய ஆய்வுகளிலும் இப்படி விடுபடுவது உண்டு. 1939, 1940-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் ரெடிமேட் துணிக்காகச் சுமார் 15,000 பெண்களை அளந்தார்கள். ஆளுக்கு 59 அளவு! ஆனால் வெள்ளைக்காரப் பெண்களின் அளவை மட்டுமே கணக்கில் சேர்த்தார்கள். நம் நாட்டிலும் இந்திய அளவு தயாரிக்க நிஃப்ட் நிறுவனம் 25,000 பேரை ஸ்கேனரில் அளக்கத் திட்டமிட்டது. அதற்கு எடுத்துக்கொண்ட ஆறு நகரங்களில் தமிழ்நாட்டு ஊர் ஒன்றுகூட இல்லை. வயதும் 15 முதல் 65 வரை. பதினாலு வயசுக்காரி நான் அதில் வரமாட்டேன். அப்போ நம்மை நாம்தானே சரியாக அளக்கணும்?

அதற்கு என் யோசனைகள்:

1. கேள்விக்கு வேண்டிய அளவு மட்டும் போதும். உயரம் ஒன்று. உட்கார்ந்திருக்கும்போது தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை இன்னொன்று. பெஞ்சின் உயரத்தையும் அளக்கணும்.

2. பெண் பிள்ளைகளைப் பெண் பிள்ளைகளே அளக்கட்டும், அதுவும் தனி அறையில்.

3. சீட்டில் பெயர் வேண்டாம். வகுப்பும் ஒரு நம்பரும் போதும். அளவைச் சத்தமாகப் படிக்கக் கூடாது.

4. எல்லோரையும் காலையில் ஒரே நேரத்தில், செருப்பில்லாமல் அளக்கணும். முதுகெலும்பு அழுந்துவதால் சாயங்காலம் சுமார் 1 செ.மீ. உயரம் குறையும்.

5. துணி டேப் நாளாக நாளாக இழுபடும். ஒரே இரும்பு டேப்பில் இரண்டு முறை அளந்து பார்க்கணும்.

6. வேண்டாம் என்று சொல்பவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஏன் வேண்டாம் என்று துருவவும் கூடாது.

இப்படிச் செய்தால் யாரும் பயந்து லீவு போட மாட்டார்கள். கணக்கும் சரியாக வரும். ஆறாம் வகுப்புப் பிள்ளைதானே என்று கையைப் பிடித்து இழுக்காமல், "அளக்கட்டுமா கண்ணு?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு டேப்பை எடுப்போமா?

– ஒன்பதாம் வகுப்பு மாணவி