ஹுலியும் புலியும்

நம் சங்கத்தின் ஆண்டு விழா நெருங்குகிறது. வழக்கம்போல் மேடை எழும், மாலைகள் விழும், பேச்சாளர் ஒருவர் தமிழன்னையை விளித்து அரை மணி நேரம் முழங்குவார், நாமும் கைதட்டிவிட்டுச் சிற்றுண்டியை நோக்கி நடப்போம். நானும் அவ்வாறு கைதட்டியவன்தான். அவற்றுள் சிற்றுண்டியைத் தவிர வேறெதுவும் இன்று என் நினைவில் இல்லை என்பதை நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். இவ்வாண்டு அச்செலவில் பாதியையாவது அடுகோடிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

அடுகோடி நமக்கு அயலூர் அன்று. ஓசூர்ச் சாலையில் பேருந்தில் போகும்போது நாம் கடந்து செல்லும் இடந்தான். பழையவர்கள் மைக்கோ தொழிற்சாலையை வைத்து அடையாளம் சொல்வார்கள். அங்குள்ள சந்துகளில் நுழைந்தால் கன்னடத்தோடும் தெலுங்கோடும் உருதுவோடும் கலந்து தமிழ் காதில் விழும். காதில் விழும் தமிழுக்குக் குறைவில்லை. கண்ணால் படிக்கும் தமிழுக்கோ?

சென்ற செப்டம்பர் 8-ஆம் நாள், உலக எழுத்தறிவு நாளன்று, நானும் அறைத்தோழர் இருவரும் அங்கே ஒரு வீட்டு மொட்டைமாடியில் பிள்ளைகளைக் கூட்டிக் கதை படித்தோம். இஃது எங்கள் சொந்தக் கற்பனை அன்று. இந்நகரில் 2004-இல் தோன்றிய பிரதம் புக்ஸ் பதிப்பகம், 2012 முதல் அந்நாளையொட்டி ஒரே கதையைப் பல மொழிகளில் நாடெங்கும் தொண்டர்களைக் கொண்டு படிக்கச் செய்து வந்திருக்கிறது. 2015-இல் அவர்கள் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்திலிருந்து எவரும் காசின்றிக் கதைகளை எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம். நாங்கள் ஒரு புலிக் கதையைத் தமிழிலும் கன்னடத்திலும் அச்சிட்டுக்கொண்டு போனோம்.

இருபது பிள்ளைகள் வந்தார்கள். தாய்மார் நால்வர் படிக்கட்டருகே தயங்கி நின்றார்கள். ஐந்தாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் கன்னடத் தாளை வாங்கித் தடையின்றிப் படித்தான். தமிழ்த் தாளை நீட்டினேன். "எனக்கு இது வராதுண்ணா" என்று திருப்பித் தந்துவிட்டான், சொன்னது தமிழில்தான்! அச்சொல் என்னைச் சுட்டது. ஏனெனில் நானும் பதினெட்டு வயதில், நம் சங்கத்து மூத்த மாணவர் ஒருவர் பழைய நாளேட்டை வைத்துக் கற்பித்த பிறகே தமிழ் படிக்க அறிந்தவன்.

அவன் தாயார் முன்வந்து அத்தாளை வாங்கி, முதல் வரியை மெல்லப் படித்தார். தருமபுரிப் பக்கம் ஓர் ஊரில் எட்டாவது வரை படித்தவராம். "இவன் ஸ்கூல்ல குடுக்கிற நோட்டீஸ் ஒண்ணும் எனக்குப் படிக்க வராது தம்பி. இவனே படிச்சுச் சொன்னாத்தான் உண்டு" என்றார். மகன் எழுதுவதைத் தாய் படிக்க இயலாது. தாய் எழுதுவதை மகன் படிக்க இயலாது. ஒரே அடுப்பில் உண்டு ஒரே கூரையின்கீழ் உறங்கும் இருவர்! நாம் பட்டிமன்றம் நடத்தித் தீர்ப்புக் கூறும் பொருள்களுள் இதைவிடப் பெரியது எது?

பின்பு நடந்தது வேடிக்கை. கன்னடத் தாளில் 'ஹுலி' என்றிருந்த இடத்தில் தமிழ்த் தாளில் 'புலி' என்றிருந்தது. நாங்கள் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபோது ஒரு சிறுமி, "ஹாலு, பால்!" என்று கத்தினாள். உடனே 'ஹூவு, பூ', 'ஹல்லு, பல்', 'ஹத்து, பத்து' என்று மற்றவர்களும் அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். பழங்கன்னடத்தின் பகரம் பிற்காலத்தில் ஹகரமாயிற்று என்று மொழிநூலார் எழுதும் செய்தியைப் பத்து வயதுப் பிள்ளைகள் கால் மணி நேரத்தில் கண்டுகொண்டார்கள். எழுத்திலும் அப்படித்தான். க, கா, கி, கீ என்று கன்னடத்தில் கற்ற பிள்ளைக்குத் தமிழின் வரிசை புதிதன்று. எகர ஒகரங்களுக்குக் குறிலும் நெடிலும் இரு மொழியிலும் உண்டு. தடுமாற்றம் வேறிடத்தில் வந்தது. 'கல்' என்பதிலும் 'பகல்' என்பதிலும் ஒரே எழுத்து இருவிதமாக ஒலிப்பானேன் என்று கேட்டார்கள். கன்னடத்தில் அவ்வொலிகளுக்குத் தனித்தனி எழுத்துகள் அல்லவா? 'ழ' வந்ததும் எல்லாரும் நின்றுவிட்டார்கள். பெரியவர்களே நிற்கும் இடம் அது.

"தமிழ்ச் சங்கம் கன்னடக் கதை படிப்பதா?" என்று செயற்குழு நண்பர் ஒருவர் பின்னர்க் கேட்டார். ஆம், படிப்பதுதான்! கன்னடம் அச்சிறுவன் நாளைக்குப் பிழைக்கப்போகும் மொழி. இன்றைக்கு அவன் விளையாட்டுத் தோழன் பேசும் மொழி. அதை ஒதுக்கிவிட்டுத் தமிழை ஊட்ட முயன்றால் அவன் நம் கூட்டத்திற்கே வரமாட்டான். அவன் கன்னடம் படிக்கும் திறமையே தமிழுக்கு ஏணியாகும் என்பதைத்தான் அன்று கண்டோம். மேலும், தமிழர் கூட்டம் என்றாலே ஐயத்தோடு நோக்கும் கண்களும் இந்நகரில் உண்டு என்பதை மறைப்பானேன்? அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை 1991 முதல் 18 ஆண்டுகள் மூடிக்கிடந்து, 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையைத் திறந்தார்கள். நல்ல செயல். ஆனால் சிலைகளைப் பரிமாறிக்கொண்ட நாம், பிள்ளைகளுக்குக் கதைகளைப் பரிமாறிக்கொண்டோமா?

மொட்டைமாடியில் நடந்தது இனிப் பொது நூலகத்தில் நடக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. மழை வந்தால் மாடி உதவாது. நூலகம் எவர் வீட்டுச் சொத்தும் அன்று. 1965-ஆம் ஆண்டின் கர்நாடகப் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. வீட்டுக்காரர் கட்டும் அவ்வரி கடைசியில் வாடகையில் வந்துதானே சேரும்? எனவே அடுகோடிச் சந்தில் வாடகைக்குக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்திற்கும் கன்னடக் குடும்பத்திற்கும் அங்கே உரிமையுண்டு. மாதம் ஒரு மாலை தாய்மாரும் பிள்ளைகளும் அங்கே உரக்கப் படித்தால் என்ன கெட்டுவிடும்? அமெரிக்காவில் பேட் மோரா என்னும் பெண் எழுத்தாளர், வீட்டில் ஸ்பானியமும் பள்ளியில் ஆங்கிலமுமாக வளரும் பிள்ளைகளை எண்ணி 1996-இல் இத்தகைய விழாவொன்றைத் தொடங்கினார். ஏப்ரல் 30-ஆம் நாளைக் குழந்தைகள் நாளாகவும் நூல்கள் நாளாகவும் கொண்டு, அங்குள்ள நூலகங்கள் குடும்பங்களையே அழைத்துக் கொண்டாடுகின்றன. பிள்ளைகளை மட்டும் அழைத்திருந்தால் பாதிப் பயன்தான் கிடைத்திருக்கும்.

அவ்வளவு தொலைவு போவானேன்? நூலகத் துறையின் தந்தையான எஸ். ஆர். ரங்கநாதன் சீர்காழியில் பிறந்தவர். 1962-இல் இந்நகரில் ஆவணப்படுத்தல் ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் ஒரு மையத்தை நிறுவி, 1972-இல் இங்கேயே காலமானவர். ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும் என்பதை ஒரு விதியாகவே 1931-இல் வகுத்தார். அதே ஆண்டில் மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர்களுக்கு மாட்டுவண்டியில் நூல்கள் சென்றபோது அதைத் தொடங்கி வைத்தவரும் அவரே. அன்று நூல்கள் வண்டியேறிச் சிற்றூருக்குச் சென்றன. நாம் ஒரு பேருந்தேறினால் போதும்.

நூலகருக்குக் கொடுக்க விண்ணப்பம் ஒன்று கன்னடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பிழை திருத்த ஆள் வேண்டும். கன்னடம் நன்றாகப் படிக்கத் தெரிந்த நண்பர் இருவரும், தமிழ் எழுத்துகளைப் பொறுமையோடு சொல்லித் தரக்கூடியவர் மூவரும், பாய் சுமக்க வெட்கப்படாதவர் நால்வரும் தேவை. இசைவோர் வெள்ளிக்கிழமைக்குள் விடுதி அறிவிப்புப் பலகையில் பெயரை எழுதுங்கள். புலிக் கதையின் தாள்கள் இரண்டையும் அந்தத் தாயார் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஆகவே, அடுத்த முறைக்கு வேறு கதை தேட வேண்டும்.