கிளைப் பாதையில் வரவேண்டிய வண்டி



ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்ப்பவனுக்கு எதைக் கண்டாலும் தண்டவாளமே நினைவுக்கு வரும், பொறுத்தருள்க. நெடும் பாதையில் ஒரு சந்திப்பு நிலையம் இருக்கிறது. அங்கிருந்து கிளைப் பாதை ஒன்று பிரிந்து, தனக்கென்று ஊர்களும் நிலையங்களும் கொண்டு செல்கிறது. தொலைக்காட்சிக் கதைகளிலும் இவ் வழக்கம் உண்டு. ஒரு கதையில் ஓரமாக நின்ற பாத்திரத்தை அழைத்து வந்து, அதற்குத் தனி வீடும் சுற்றமும் கொடுத்துத் தனிக் கதை நடத்துவார்கள். இதனைக் கிளைத் தொடர் என்று சொல்லலாம். வரும் என்று அறிவிக்கப்பட்டு, ஐந்து ஆண்டுகள் எதிர்பார்க்க வைத்து, வராமற்போன ஒரு கிளைத் தொடரைப் பற்றியே இம் மாதம் எழுத நினைக்கிறேன்.

அமெரிக்காவின் எம்.டி.வி. நிலையம் 1993ஆம் ஆண்டில் மைக் ஜட்ஜ் என்பவர் படைத்த 'பீவிஸ் அண்ட் பட்ஹெட்' என்ற கேலிச் சித்திரத் தொடரைத் தொடங்கியது. இரண்டு மூடப் பையன்களின் அட்டகாசமே கதை. அவர்களோடு படிக்கும் டேரியா என்னும் மூக்குக் கண்ணாடிப் பெண் அவ்வப்போது தோன்றி, அவர்களுடைய மடமையை ஒரே வாக்கியத்தில் அளந்து கூறிவிட்டுப் போவாள். 1997இல் அவளுக்கே தனித் தொடர் கிடைத்தது. கிளென் ஐக்லர், சூசி லூயிஸ் என்ற இருவர் அதனை உருவாக்கினர். 2002 வரை 65 பகுதிகள் வந்தன. பழைய பையன்கள் இருவரும் இல்லாமலே அது நடந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

சித்திரம் என்றால் சிறுவருக்கு என்று எண்ணுவது நம் வீடுகளில் வழக்கம். என் மனைவியும், "பொம்மைப் படத்துக்கு இத்தனை நேரமா?" என்றுதான் கேட்டாள். இது வயது வந்தோரையும் வாலிபரையும் நோக்கிச் செய்யப்பட்டது. சிறு பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடத் தக்கதன்று. எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளோடு நானும் உடன் அமர்ந்தே பார்த்தேன்.

டேரியாவின் பள்ளியில் ஜோடி லாண்டன் என்று ஒரு பெண் இருக்கிறாள். அங்குள்ள மிகச் சில கறுப்பின மாணவர்களில் அவள் ஒருத்தி. படிப்பில் முதல்வரிசை, மாணவர் மன்றம், பிரெஞ்சு மன்றம், டென்னிஸ் எல்லாவற்றிலும் அவள் பெயர் இருக்கும். பெற்றோர் வசதியுள்ளவர்கள், எதிர்பார்ப்பும் மிகுந்தவர்கள். ஒரு பகுதியில் அவள் தன் மனத்தைத் திறந்து பேசுகிறாள். வீட்டிலே தான் தானாக இருக்க முடிகிறது என்றும், பள்ளிக்குள் நுழைந்தால் தன் இனத்தார் அனைவருக்கும் முன்மாதிரியாக நிற்கவேண்டியிருக்கிறது என்றும் அவள் சொல்லும்போது, டேரியாவின் கேலியும் சற்று அடங்கிவிடுகிறது.

அந்த இடத்தில் என் மகள், "அப்பா, இது நான்தான்" என்றாள்.

நாங்கள் ஜபல்பூரில் இருக்கிறோம். வகுப்பில் தமிழ்ப் பெண் அவள் ஒருத்தியே. பரதம் கற்றதில்லை, ஆயினும் விழா என்றால் பரதம் ஆட அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். கணக்கில் 61 வாங்கியபோது, தென்னாட்டுப் பெண்ணுக்கா இவ்வளவு குறைவு என்று ஓர் ஆசிரியை வியந்தாராம். இவற்றை நான் வீட்டில் வேடிக்கையாகவே சொல்லிச் சிரித்துவந்தேன். அவ்வளவோடு நின்றிருந்தால் தவறில்லை. ஒவ்வொரு ஜூன் மாதத்திலும் பள்ளி திறக்கும் நாளில் அவளை வாசலில் நிறுத்தி, "நம் பெயரைக் காப்பாற்ற வேண்டும், நீ ஒருத்திதான் இருக்கிறாய்" என்று சொல்லி அனுப்பியவனும் நானே. ஆசிரியை ஏற்றிய சுமையைவிட நான் ஏற்றியது கனமானது என்று அன்று தோன்றிற்று.

2002இல் வந்த நிறைவுத் திரைக்கதையில் ஜோடியின் பெற்றோர் புகழ்பெற்ற ஒரு கல்லூரியைக் காட்டுகின்றனர். அவளோ கறுப்பின மாணவர்கள் பெருவாரியாகப் பயிலும் வேறொரு கல்லூரியை விரும்புகிறாள். கூட்டத்தில் ஒருத்தியாக இருக்கவேண்டும், எவருக்கும் பிரதிநிதியாக இருக்கவேண்டாம் என்பதே அவள் ஆசை. கடைசியில் பெற்றோர் இணங்குகின்றனர். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஜோடிக்குத்தான் கிளைத் தொடர் வருவதாக இருந்தது. 2018இல் முதல் அறிவிப்பு வந்தது. 2019இல் டிரேசி எல்லிஸ் ராஸ் என்ற நடிகை ஜோடிக்குக் குரல் கொடுப்பார் என்றார்கள். அவர் பாடகி டயானா ராஸின் மகள். கல்லூரி முடித்து, தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றில் முதல் வேலைக்குச் சேரும் ஜோடியின் வாழ்வைக் கிரேஸ் எட்வர்ட்ஸ் எழுதுவதாக ஏற்பாடு. 2020இல் காமெடி சென்ட்ரல் நிலையம் அதனை ஏற்றது. 2022இல் தொடர் வேண்டாம், ஒரே திரைப்படமாகப் போதும் என்று சுருக்கினார்கள். 2023இல் அந்நிலையம் அதனையும் கைவிட்டது. வண்டி ஒரு மணி நேரம் தாமதம், மூன்று மணி நேரம் தாமதம் என்று பலகையில் எழுதிக்கொண்டே வந்து, முடிவில் ரத்து என்று எழுதுவோமே, அதே கதைதான். அந்தப் பலகையைப் பார்த்து என்னிடம் சண்டைக்கு வரும் பயணிகளின் கோபம் எனக்கு இப்போது நன்றாக விளங்குகிறது.

ஓரத்தில் நின்று எல்லோருக்காகவும் நல்லவளாக இருந்த பெண் நடுவில் வந்து நிற்கும்போது என்ன செய்வாள், எதற்குக் கோபிப்பாள், எப்போது சோம்பலாக இருப்பாள் என்று அறிய எனக்கு உண்மையாகவே ஆசை இருந்தது. வேறு நிலையம் எதுவும் அதனை எடுத்துக்கொள்ளுமா என்று மகள் கேட்டாள். குட்ஸ் வண்டியாகவேனும் வரட்டும் என்றேன்.

இவ்வாண்டு பள்ளி விழாவுக்கும் பரதத்திற்கு அழைப்பு வந்தது. தனக்குத் தெரியாது என்று ஆசிரியையிடம் சொல்லிவிட்டதாகவும், கேரம் குழுவில் பெயர் கொடுத்திருப்பதாகவும் இரவு உணவின்போது கூறினாள். முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டாள். கவலை ஒன்றும் இல்லை. மறுநாள் மாலை பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு எங்கள் வீட்டுப் பலகையில் ஆடிக்கொண்டிருந்தாள். மாவுப் பொடியைத் தரையெல்லாம் சிந்தியதற்காகத் தாயிடம் வசவும் வாங்கினாள்.