துணையிருப்போரின் உறக்கமும் சிகிச்சையே

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் மருத்துவர் விளக்கியதை, கால் மணி நேரத்திற்குள் நினைவுகூர இயலாமல் தவிக்கும் உறவினர்களை நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். “சரியாகக் கேட்டுவரக் கூடாதா?” என்று வீட்டார் கடிந்துகொள்வதும் உண்டு. அது கவனக்குறைவு அன்று. அச்சத்தை எதிர்கொள்ளும் மூளையின் இயல்பு.

ஆபத்தை உணர்ந்ததும் மூளையின் ஆழத்திலுள்ள அமிக்டலா எச்சரிக்கை விடுக்கிறது. பரிவு நரம்புகளின் தூண்டுதலால் அட்ரினலின் சுரக்கிறது. இதயத் துடிப்பு விரைகிறது. சில நிமிடங்களில் கார்டிசாலும் உயர்கிறது. உடல் ஓடவோ எதிர்க்கவோ ஆயத்தமாகிறது. ஆனால், ஆராய்ந்து முடிவெடுக்கும் முன்மூளைப் பகுதியின் திறன் அவ்வேளையில் குன்றுகிறது. வேங்கையிடமிருந்து தப்ப உதவும் இவ்வேற்பாடு, ஒப்புதல் படிவத்தைப் படித்துப் புரிந்துகொள்ள உதவுவதில்லை.

இந்நிலை மாதக்கணக்கில் நீடித்தால் உடலும் தளர்கிறது. அமெரிக்காவின் ஒஹையோவில் நடந்து, 1995இல் வெளியான ஆய்வு ஒன்றில், மறதிநோயுற்ற உறவினரைப் பராமரித்த 13 பெண்களின் தோலில் ஏற்படுத்தப்பட்ட சிறு காயம் ஆறும் காலம் அளக்கப்பட்டது. அப்பொறுப்பில்லாத 13 பெண்களைவிட இவர்களுக்குச் சராசரியாக ஏறத்தாழ 9 நாட்கள் கூடுதலாயின. ஆய்வு சிறிதே, ஆயினும் அது உணர்த்துவது பெரிது.

ஆகவே, ஒருவரே இரவும் பகலும் கண்விழித்திருப்பதைத் தியாகமெனப் போற்றும் வழக்கம் மாற வேண்டும் என்பதே எங்கள் கருத்து. அப்பொறுப்பு பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள் ஆகியோர் மீதே விழுகிறது. “அவர்தான் பார்த்துக்கொள்கிறாரே” என்று மற்றவர் ஒதுங்குவது முறையன்று. குடும்பத்தார் முறைவைத்துத் தங்குங்கள். வீட்டுக்குச் சென்று உறங்கி வருபவரைக் குறை கூறாதீர்கள்.

மருத்துவரைக் காணும்போது இருவராக வாருங்கள்; சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். புரியாததை எத்தனை முறை கேட்டாலும் விடையளிப்பது எங்கள் கடமை. பதற்றம் மிகும்போது மூச்சை நிதானமாக வெளிவிடுங்கள். துடிப்பு சற்றே தணியும். உறக்கமின்மையோ கலக்கமோ வாரக்கணக்கில் தொடர்ந்தால், உங்களுக்கும் மருத்துவ உதவி தேவை. அதைக் கேட்கத் தயங்காதீர்கள். நோயாளி வீடு திரும்பும் நாளில், அவரைத் தாங்கிக்கொள்ள நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.