முயற்சியும் திறந்த வாயிலும்

விழா மலருக்குக் கட்டுரை வரைவோர் கல்லூரியின் பழம்பெருமை பேசுதல் மரபு. அப்பெருமையை எம்மினும் நன்கறிந்த பெரியோர் இம்மலரில் எழுதுவர். ஆதலின் யாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். எமது வகுப்பறையில் சில ஆண்டுகளுக்கு முன் எழுந்த வினா ஒன்றே அதற்குக் காரணமாயிற்று.

அன்று திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்தைக் கற்பித்துக்கொண்டிருந்தோம். முயன்றோர் உயர்வர், முயலாதோர் தாழ்வர் என வழக்கம்போல் விரித்துரைத்தோம். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, என் அக்கா தம் பள்ளியில் எல்லோரிலும் விரைவாக ஓடுபவர். பெரிய பிள்ளையான பின்னர் வீட்டில் அவரை ஓட விடவில்லை. அவர் முயற்சி இல்லாதவரா?" என்று வினவினான். யாம் தக்க விடை கூறினோமல்லேம்; எஞ்சிய பாடத்தை விரைந்து முடித்துக்கொண்டோம். அவ்விடையை அமெரிக்க ஓட்ட வீராங்கனை வில்மா றுடோல்பின் வரலாற்றைப் படித்தபோதே கண்டோம்.

வில்மா 1940ஆம் ஆண்டு தெனசி மாநிலத்தில், கிளார்க்ஸ்வில் நகரை அடுத்த சிற்றூரில் வறிய கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையாரின் இரு மணங்களிலும் பிறந்த 22 மக்களுள் இவர் 20ஆம் மகவு. தந்தையார் புகையிரதச் சுமையாளர். தாயார் பிறர் இல்லங்களில் ஏவல் செய்தவர். குறைமாதத்திற் பிறந்த குழந்தையை நோய்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றின. இறுதியில் இளம்பிள்ளை வாதம் இடக்காலை முடக்கியது. இப்பிள்ளை நடக்கமாட்டாள் என்று மருத்துவர் கருதினர்; நடப்பாள் என்று தாயார் கூறினார். மகள் தாயின் சொல்லையே நம்பினாள். வாரந்தோறும் தாயார் மகளை நாஷ்வில் நகருக்குப் பேருந்தில் அழைத்துச் சென்றார். வீட்டிலோ, தாயாரும் உடன்பிறந்தோரும் முறைவைத்து நாளொன்றுக்கு நான்கு தடவை அக்காலை நீவிவிட்டனர். பன்னிரண்டாம் வயதளவில் இரும்புத் துணைக்கருவி களையப்பட்டது. பதினாறாம் வயதில், 1956ஆம் ஆண்டு மெல்பேண் ஒலிம்பிக் விழாவில், அஞ்சலோட்டத்தில் வெண்கலப் பதக்கம் பெற்றார்.

1960ஆம் ஆண்டு உரோமாபுரியில் அவர் பெற்ற வெற்றியை உலகறியும். 100 மீற்றரை 11.0 செக்கனில் ஓடி வென்றார். பின்காற்று விதித்த அளவை மிஞ்சியமையால் அது உலக சாதனையாகப் பதியப்படவில்லை. 200 மீற்றரிலும் முதலிடம் அவருக்கே. 4 x 100 மீற்றர் அஞ்சலோட்டத்தின் இறுதிச் சுற்றில் கோல் கைமாறுகையில் தடுமாற்றம் நேர்ந்தது. பின்தங்கிய அணியை வில்மா முன்னே கொணர்ந்தார். ஒரே ஒலிம்பிக்கில் ஓட்டத்தில் மூன்று தங்கம் வென்ற முதல் அமெரிக்கப் பெண்மணி அவரே.

நோயுற்ற சிறுமி முயன்றாள், வென்றாள் என்று இக்கதையைப் பரிசளிப்பு விழா மேடைகளிற் கூறி முடிப்பது வழக்கம். இது பாதிக் கதை. வாரந்தோறும் 50 மைல் அளவு பயணஞ் செய்ய வேண்டிய தேவை யாது? கறுப்பின மக்களை ஏற்று வைத்தியம் செய்யும் மருத்துவமனை நாஷ்விலிலேயே இருந்தது. அப்பேருந்திலும் அவர்களுக்குப் பின்னிருக்கைகளே உரியன. அத்தாயும் மகளும் செலவிட்ட முயற்சியில் ஒரு பங்கு நோயை வெல்லச் சென்றது. மற்றொரு பங்கு மனிதர் எழுப்பிய சுவரைச் சுற்றிவரவே சென்றது.

இதனை வில்மா நன்குணர்ந்திருந்தார். வெற்றியோடு மீண்ட அவருக்கு ஊரார் வரவேற்பு ஏற்பாடு செய்தனர். அக்கால வழக்கப்படி வெள்ளையர் ஒருபுறமும் கறுப்பினத்தார் மறுபுறமுமாக அது நடைபெறுமாயின் தாம் கலந்துகொள்ள இயலாது என அவர் உறுதியாக நின்றார். ஊரார் இணங்கினர். 1960 ஒற்றோபர் 4ஆம் நாள் கிளார்க்ஸ்விலில் நிகழ்ந்த ஊர்வலமும் விருந்துமே இரு நிறத்தாரும் ஒருங்கு கூடிய அந்நகரின் முதற் பொது விழாவாயின. அப்பொழுது அவருக்கு வயது இருபதே. மாலையை ஏற்றுக்கொண்டு வாளாவிருந்திருப்பின் குறை கூறுவார் எவருமிலர். எனினும் அவர் ஒரு நாள் விழாவோடு அமைந்தாரல்லர். அந்நகரின் உணவகம் ஒன்று கறுப்பினத்தாரை ஏற்க மறுத்தமைக்கு எதிராக 1963ஆம் ஆண்டு நடந்த போராட்டத்திலும் பங்குகொண்டார்.

ஓட்டக்களத்திற் கடிகாரமே நடுவர். அது நிறமும் பாலும் பாராது. திறமை உள்ளோர் வெல்வர். பிறிதொரு சமத்துவம் எதற்கு என்பார் உளர். அவர்கட்கு அதே உரோமாபுரி விழாவிலிருந்தே விடை தருவோம். பெண்களுக்கான 800 மீற்றர் ஓட்டம் 1928ஆம் ஆண்டு அம்ஸ்ரடாமில் முதன்முதலாக இடம்பெற்றது. ஜேர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 செக்கனில் வென்றார். முதல் மூவரும் அதுவரையிருந்த உலக சாதனையை விஞ்சினர். ஆயினும் ஓடி முடித்துக் களைத்த பெண்களைக் கண்ட பத்திரிகைகள் பெண்ணுடல் இதனைத் தாங்காது என்று முழங்கின. ஓட்டம் நீக்கப்பட்டது. மீண்டும் 1960இல், உரோமாபுரியிலேதான், அது சேர்க்கப்பட்டது. அவ்விழாவிற்கூட மெய்வல்லுநர்ப் போட்டிகளுள் ஆடவர்க்கு 24 நிகழ்ச்சிகளும் பெண்டிர்க்குப் பத்துமே இருந்தன. இடைப்பட்ட 32 ஆண்டுகளில் அத்தூரத்துக்கென்றே பிறந்த பெண்கள் எத்துணையோ பேர் இருந்திருப்பர். அவர்தம் விடாமுயற்சி என்ன பயன் தந்திருக்கும்? தொடக்கக் கோட்டில் நின்றோரையே கடிகாரம் அளக்கும். அங்கு வரவிடாது தடுக்கப்பட்டோரை அது அறியாது.

ஆகவே, முயற்சியை மட்டும் போதித்தல் ஆசிரியராகிய எமக்கு எளிது; ஏனெனில் அது மாணவர்மேல் மட்டுமே கடமையைச் சுமத்துகின்றது. வாயிலைத் திறந்துவிடும் கடமையோ மூத்தோராகிய நம்முடையது. இதனாற் முயற்சியை யாம் குறைத்து மதித்தோமென்று எவரும் கொள்ளற்க. வாயில் திறந்தும் ஓடாதவர் வெல்வதில்லை. ஓட வல்லவர்க்கு வாயில் அடைபடின் அத்திறமை மண்ணாகும். இரண்டையும் பிரியாது பற்றி நின்றமையே வில்மாவின் பெருமை. இருபத்திரண்டாம் வயதில் ஓட்டத்திலிருந்து விலகிய அவர், தம் ஊரிலேயே பள்ளி ஆசிரியையாகவும் பயிற்றுநராகவும் பணியாற்றினார். பிற்காலத்தில் வசதியற்ற சிறுவர்க்கென ஓர் அமைப்பையும் நிறுவினார். 1994ஆம் ஆண்டு மறைந்தார்.

பழைய மாணவ அன்பர்களே, நம் கல்லூரி மைதானத்தில் ஓடிப் பெற்ற கிண்ணங்களை நம்மிற் பலர் இன்றும் வீட்டில் வைத்துப் போற்றுகின்றோம். அதே வீட்டில் வளரும் நம் பெண்மக்களின் கால்களுக்கும் ஒரு மைதானம் வேண்டும். பருவமெய்தினாள், படிப்புக் கெடும், ஊரார் பேசுவர் என்று நாம் கூறும் காரணங்கள் 1928ஆம் ஆண்டுப் பத்திரிகைகள் கூறியவற்றினும் வலியன அல்ல.

அன்று வினவிய மாணவன் இன்று இச்சங்கத்தில் ஒருவன். இம்மலர் அவன் கையையும் அடையும். தம்பி, காலந்தாழ்த்தியேனும் விடை கூறுகின்றோம்: உன் அக்கா முயற்சி இல்லாதவர் அல்லர். அவர் ஓட ஆயத்தமாகவே நின்றார். வாயிலை அடைத்தவர் மூத்தோராகிய நாமே.